தொற்றுநோய்ப் பகுதியை வழி வாரியாகப் படியுங்கள்: கால்நடை மருத்துவம் (பி.வி.எஸ்சி.) படிக்கும் ஜூனியர்களுக்கு

கோமாரிக்கு ஒரு பக்கம், எலிக்காய்ச்சலுக்கு ஒரு பக்கம் என்று நோய் வாரியாக மனப்பாடம் செய்தால் எழுத்துத் தேர்வை எப்படியோ ஒப்பேற்றிவிடலாம். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், அது கைகொடுக்காது. நான் நோட்டைப் பரவும் வழிப்படி பிரித்துக்கொண்டேன்: காற்று, மலம், சிறுநீர், பூச்சி, ஊசி, பிரசவக் கழிவு, கடைசியாக நம் கை. நோய்கள் தாமாகவே அந்தந்தத் தலைப்பின் கீழ் வந்து உட்கார்ந்துகொண்டன.

வைவாவில் வழக்கமாக வரும் கேள்வி இது: "மூணு மாச நாய்க்குட்டி, தடுப்பூசி போடல, வாந்தி, ரத்தபேதி. என்னப்பா செய்வ?" பலர் நேராக ட்ரிப்ஸுக்குத் தாவிவிடுவார்கள். குட்டியை எங்கே வைப்பீர்கள் என்பதில் தொடங்குங்கள். காத்திருக்கும் இடத்தில் தரையில் விடாமல், தூக்கியபடியே தனி அறைக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த அறிகுறிகளில் சந்தேகிக்க வேண்டியது பார்வோ வைரஸ். அதற்கு வெளியுறை இல்லை. தரையிலும் கூண்டிலும் மாதக்கணக்கில் தாங்கும். க்வாட்டர்னரி அம்மோனியம் வகைக் கிருமிநாசினிகளை இதற்கு நம்ப முடியாது. வீட்டு பிளீச்சை 1:30 என்ற அளவில் தண்ணீரில் கலந்து பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். அதற்கு முன்பே மலத்தைச் சுத்தமாகக் கழுவி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பிளீச்சின் வீரியமெல்லாம் அதிலேயே போய்விடும். தெர்மாமீட்டர், எடை மேடை, உங்கள் செருப்பு எல்லாவற்றையும் மறக்காமல் சொல்லுங்கள். செருப்பைச் சொல்பவர்கள் குறைவு.

மாட்டுப் பக்கம் வந்தால், கருவைக் கலைக்கும் புரூசெல்லா பாக்டீரியாதான் முக்கியம். கரு கலைந்த மாட்டில் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுக்கும் பழக்கம் ஆபத்தானது. தோள்வரை கையுறை வேண்டும். புரூசெல்லாவுக்குப் போடும் எஸ்19, உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசி. 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு மட்டும் போடுவது. போடும்போது ஊசி நம் கையில் குத்தினாலும் நோய் வரலாம். இதைத் தேர்வுக்காக மட்டும் படிக்காதீர்கள், அப்புறம் களத்தில் நீங்கள்தான் ஊசி பிடிக்கப் போகிறீர்கள்.

மாடுகளுக்கு வரும் தோல் கழலை நோய் (லம்பி ஸ்கின்) இந்தியாவில் 2019இல் ஒடிசாவில் முதலில் பதிவானது. கடிக்கும் பூச்சிகள்தான் முக்கியக் காரணம் என்றாலும், மந்தை முழுக்க ஒரே ஊசியைப் பயன்படுத்துவதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) சந்தேகம் என்றால் சடலத்தை அறுக்கவே கூடாது. காற்றுப் பட்டால் கிருமி விதைநுண்மமாக (ஸ்போர்) மாறி மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும். காதிலுள்ள ரத்தக்குழாயிலிருந்து (சிரை) ரத்தப் பூச்சு மட்டும் எடுக்க வேண்டும். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, அந்தப் பூச்சுக்குப் போடும் பாலிகுரோம் மெத்திலீன் நீலச் சாயமும், அதில் கிருமியின் உறை தெரியும் மெக்ஃபேடியன் வினையும்தான். அந்தப் பக்கத்தையும் புரட்டிவிட்டுப் போங்கள்.