சென்னை மாநிலம் ஒரு தரப்பாக நின்ற வழக்குகள்

அரசமைப்புச் சட்டம் 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. இரண்டு நாள் கழித்து உச்ச நீதிமன்றம் தன் பணியைத் தொடங்கியது. அதன் தொடக்க ஆண்டுகளில் வந்த தீர்ப்புகளில், இன்றும் சட்டக் கல்லூரிகளில் தவறாமல் நடத்தப்படும் நான்கில் சென்னை மாநில அரசு ஒரு தரப்பாக நின்றது. எதிர்த்தரப்பில் நின்றவர்கள் ஏ.கே. கோபாலன், ரொமேஷ் தாப்பர், செண்பகம் துரைராஜன், வி.ஜி. ராவ். மூன்று வழக்குகளில் அரசு தோற்றது. வென்ற ஒரு வழக்கின் தீர்ப்பும் பிற்காலத்தில் நிலைக்கவில்லை.

சென்னையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்கு நான் அரசமைப்புப் பாடம் நடத்துகிறேன். பிரிவு எண்களை மனப்பாடம் செய்தால் போதும் என்று நினைத்து வருபவர்களிடம் முதலில் இந்த நான்கு வழக்குகளைத்தான் எடுத்துவைப்பேன். உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்று பிரிவு 141 சொல்கிறது. ஆகவே ஒரு பிரிவின் வாசகத்தை மட்டும் படித்துவிட்டு, அதற்கு நீதிமன்றம் தந்த பொருளைப் படிக்காமல் விட்டவர், சட்டத்தின் பாதியைக்கூடப் படித்தவர் ஆகமாட்டார் என்பது என் உறுதியான கருத்து.

கம்யூனிஸ்ட் தலைவரான கோபாலன் 1947 டிசம்பரிலிருந்தே காவலில் இருந்தவர். 1950-இல் இயற்றப்பட்ட தடுப்புக் காவல் சட்டத்தின் கீழ் அவர்மீது புதிய ஆணை பிறப்பிக்கப்பட்டபோது, அடிப்படை உரிமை மீறப்பட்டால் உச்ச நீதிமன்றத்தை அணுக வழிசெய்யும் பிரிவு 32-இன் கீழ் அவர் நேரடியாக உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றார். அவருக்காக வாதாடிய எம்.கே. நம்பியார், உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் காக்கும் பிரிவு 21-ஐத் தனியே படிக்கக்கூடாது, பிரிவு 19-இல் உள்ள சுதந்திரங்களோடு சேர்த்துப் படிக்க வேண்டும், ஒருவரைச் சிறையில் அடைக்கும் நடைமுறை நீதியானதாகவும் இருக்க வேண்டும் என்றார். ஆறு நீதிபதிகள் கொண்ட அமர்வின் பெரும்பான்மை இதை ஏற்கவில்லை. சட்டமன்றம் ஒரு நடைமுறையை வகுத்து, அதன்படி காவலில் வைத்தால் பிரிவு 21 நிறைவேறிவிட்டது என்றது. காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்தில்கூட வெளியிடக்கூடாது என்ற, அந்தத் தடுப்புக் காவல் சட்டத்தின் 14-ஆம் பிரிவை மட்டும் நீக்கிவிட்டு, மற்றபடி சட்டத்தை நிலைநிறுத்தியது. நீதிபதி ஃபசல் அலி இதில் மாறுபட்டார். தடுப்புக் காவல் ஒருவரின் நடமாடும் உரிமையை நேரடியாகப் பறிக்கிறது என்றும், முன்னறிவிப்பு, தன் தரப்பைச் சொல்லும் வாய்ப்பு, நடுநிலையான விசாரணை ஆகியவை இல்லாத ஒன்றை நடைமுறை என்று ஏற்க முடியாது என்றும் எழுதினார்.

மாறுபட்ட தீர்ப்பு வழக்கைத் தொடுத்தவருக்கு அன்றைக்கு எந்தப் பயனும் தருவதில்லை. ஆனாலும் அது சட்ட அறிக்கைத் தொகுதியில் பெரும்பான்மைத் தீர்ப்பின் பக்கத்திலேயே அச்சாகி, அடுத்து வரும் வழக்கறிஞருக்காகக் காத்திருக்கிறது. 1970-இல் வங்கி தேசியமயமாக்கல் வழக்கில் 11 நீதிபதிகள் கொண்ட அமர்வு, உரிமைகளைத் தனித்தனித் தீவுகளாகப் பார்க்கும் கோபாலன் வழக்கின் அணுகுமுறையைக் கைவிட்டது. 1978-இல், முடக்கப்பட்ட கடவுச்சீட்டு தொடர்பாக மேனகா காந்தி தொடுத்த வழக்கில், நடைமுறை நியாயமானதாகவும் நேர்மையானதாகவும் இருந்தே ஆக வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னபோது, நம்பியாரின் வாதமும் ஃபசல் அலியின் எழுத்தும் சட்டமாகிவிட்டன. இடையில் பிரிவு 21-இன் ஒரு வார்த்தைகூடத் திருத்தப்படவில்லை.

இந்தப் பாதை நேராக அமைந்துவிடவில்லை. நெருக்கடி நிலையின்போது, 1976-இல், ஜபல்பூர் வழக்கில் நான்கு நீதிபதிகள், காவலில் வைக்கப்பட்டவர் நீதிமன்றத்தை நாடும் உரிமையே அப்போது இல்லை என்று தீர்ப்பளித்தார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். அடுத்த ஆண்டு தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டி அவருக்கு இளையவருக்குப் போனது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் வெளிப்படையாக ரத்து செய்ய 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. என்னைப் பொறுத்தவரை அந்த நீதிமன்றத்தின் வரலாற்றில் அதைவிடப் பெரிய தவறு இல்லை. தவறிழைக்கும் நீதிமன்றத்தின் சொல்லும், திருத்தப்படும் நாள்வரை, நாட்டின் சட்டமாகவே இருக்கிறது என்பதை மாணவர்கள் அந்த வழக்கிலிருந்து படித்துக்கொள்ள வேண்டும்.

வகுப்பில் ஒரு மாணவி கேட்டார்: “சார், பிரிவு 21 ஒரே வாக்கியம்தானே? அதில் தனியுரிமை எங்கே இருக்கிறது?” மிக நல்ல கேள்வி. 1954-லும் 1962-லும் உச்ச நீதிமன்றமே அப்படி ஓர் உரிமை அரசமைப்பில் இல்லை என்ற பொருளில் எழுதியிருந்தது. பின்னர் அந்த உரிமை உருப்பெற்ற வழியில் நம் ஊர் வழக்கு ஒன்றும் இருக்கிறது. தூக்குத் தண்டனைக் கைதியான ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முற்பட்டபோது, அவருக்கும் காவல்துறை, சிறைத்துறை அதிகாரிகள் சிலருக்கும் இருந்த உறவுகள் அதில் சொல்லப்படுவதாகத் தெரிந்தது. சிறைத்துறைத் தலைவர் 1994 ஜூன் மாதத்தில் அதை வெளியிட வேண்டாம் என்று இதழுக்குக் கடிதம் எழுதினார். அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தனித்து விடப்படும் உரிமை பிரிவு 21-இல் அடங்கியிருக்கிறது என்றும், பொது ஆவணங்களில் உள்ளதை ஒருவரின் ஒப்புதல் இல்லாமலும் வெளியிடலாம் என்றும், அவதூறு நேரும் என்று அஞ்சி அரசோ அதிகாரிகளோ முன்கூட்டியே தடை விதிக்க முடியாது என்றும் தீர்ப்பளித்தது. ஒரே தீர்ப்பில் தனிமனிதருக்குக் கவசமும் பத்திரிகைக்குச் சுதந்திரமும் கிடைத்தன. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் தனியுரிமையை அடிப்படை உரிமை என்று உறுதிசெய்வதற்கு முன் நாட்டில் வளர்ந்திருந்த தீர்ப்பு வரிசையில் இதுவும் ஒன்று. பாலாற்றைத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு கெடுத்ததை எதிர்த்து வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கோட்பாடு 1996-இல் நாட்டின் சட்டமாக ஏற்கப்பட்டதும் இதே பிரிவு 21-இன் துணையோடுதான்.

இனி, அரசு தோற்ற வழக்குகள். பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய ‘கிராஸ் ரோட்ஸ்’ வார இதழ் சென்னை மாநிலத்துக்குள் வருவதை, 1949-ஆம் ஆண்டின் சென்னைப் பொது ஒழுங்குச் சட்டத்தைக் காட்டி அரசு 1950 மார்ச்சில் தடை செய்தது. அரசமைப்பின் அப்போதைய பிரிவு 19(2)-ஐ எடுத்துப் பார்த்தால், பேச்சுரிமைமீது தடை விதிப்பதற்கான காரணங்களாக அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, ஒழுக்கக்கேடு, நாட்டின் பாதுகாப்பைக் குலைத்தல் ஆகியவையே இருந்தன. பொது ஒழுங்கு என்ற காரணம் அந்தப் பட்டியலில் கிடையாது. அதனால் தடை செல்லாது என்று நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி பெரும்பான்மைக்காக எழுதினார். அவரும் சென்னையில் வழக்கறிஞராக இருந்து உயர்ந்தவர். கோபாலனுக்காக மாறுபட்ட ஃபசல் அலி, இந்த வழக்கில் அரசின் பக்கம் நின்றார். நீதிபதிகளை ஒரே நிறத்தில் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

செண்பகம் துரைராஜன் வழக்கின் மையத்தில் இருந்தது வகுப்புவாரி அரசாணை. மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று அது பங்கிட்டது. அரசு வேலைகளில் இடஒதுக்கீடு செய்யப் பிரிவு 16(4) வழிவிட்டிருந்தது. கல்வி நிலையங்களுக்கு அப்படி ஒரு வாசகம் இல்லை. நலிந்த பிரிவினரின் கல்வியை அரசு பேண வேண்டும் என்ற வழிகாட்டு நெறியை அரசு சுட்டிக்காட்டியபோது, வழிகாட்டு நெறிகள் அடிப்படை உரிமைகளுக்குக் கீழ்ப்பட்டவை என்று 1951 ஏப்ரலில் ஏழு நீதிபதிகளும் சொல்லி, அரசாணையை ரத்து செய்தார்கள்.

தமிழ்நாட்டில் பெரியார் தலைமையிலும் பிற கட்சிகள் சார்பிலும் எழுந்த போராட்டம் எல்லோரும் அறிந்தது. 1951 ஜூன் மாதத்தில் நாடாளுமன்றம் முதல் திருத்தத்தை நிறைவேற்றியது. கல்வியில் பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய வழிவகுக்கும் பிரிவு 15(4) அதில்தான் வந்தது. தாப்பர் தீர்ப்புக்குப் பதிலாகப் பிரிவு 19(2)-இல் பொது ஒழுங்கும் சேர்க்கப்பட்டது. ஆனால் அதே திருத்தம், பேச்சுரிமைமீதான கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்று முன்பு அந்தப் பிரிவில் இல்லாத ஒரு நிபந்தனையையும் சேர்த்தது. அதற்கடுத்த ஆண்டே, மக்கள் கல்விக் கழகத்தைச் சட்டவிரோத அமைப்பு என்று சென்னை அரசு அறிவித்ததை எதிர்த்து அதன் பொதுச் செயலாளர் வி.ஜி. ராவ் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. நியாயமான கட்டுப்பாட்டை அளக்க, பாதிக்கப்படும் உரிமையின் தன்மை, கட்டுப்பாட்டின் நோக்கம், தடுக்க நினைக்கும் தீங்கின் அளவு, காலச் சூழல் ஆகிய அளவுகோல்களைப் பதஞ்சலி சாஸ்திரி வகுத்துத் தந்தார். இன்றுவரை பிரிவு 19 வழக்குகளில் அந்தப் பத்தி படிக்கப்படுகிறது.

தீர்ப்பு பிடிக்காவிட்டால் அரசமைப்பையே திருத்திவிடலாம் என்றால், திருத்தத்துக்கு எல்லை உண்டா? முதல் திருத்தத்தை எதிர்த்த சங்கரி பிரசாத் வழக்கில் 1951-இல் நீதிமன்றம் எல்லை இல்லை என்றது. 1967-இல் கோலக்நாத் வழக்கில் 6-க்கு 5 என்ற பெரும்பான்மையில், அடிப்படை உரிமைகளைப் பறிக்கும்படி திருத்த முடியாது என்றது. அந்த வழக்கில் மனுதாரர் தரப்பில் நின்றவர்களில் ஒருவர், 1950-இல் கோபாலனுக்காகத் தோற்ற அதே எம்.கே. நம்பியார். ஜெர்மானிய அறிஞர் டீட்ரிஷ் கொன்ராட் 1965-இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையிலிருந்து, திருத்தும் அதிகாரத்துக்குள்ளேயே மறைமுக எல்லைகள் உண்டு என்ற வாதத்தை அவர் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார். 1973 ஏப்ரல் 24 அன்று, 68 நாள் விசாரணைக்குப் பிறகு, கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் கொண்ட அமர்வு 7-க்கு 6 என்ற கணக்கில் அந்த எல்லைக்கு அடிப்படைக் கட்டமைப்பு என்று பெயரிட்டது. நாடாளுமன்றம் எதையும் திருத்தலாம். அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை மட்டும் அழிக்கக்கூடாது. ஒரே ஒரு நீதிபதியின் வாக்கில் நின்ற கோட்பாடு, நெருக்கடி நிலைக்காலத் திருத்தங்களைத் தடுத்து நிறுத்தியது. 2015-இல் நீதிபதிகள் நியமன ஆணையத்தையும் வீழ்த்தியது. தேர்ந்தெடுக்கப்படாத நீதிபதிகளுக்கு இவ்வளவு அதிகாரமா என்று கேட்பவர்களின் கவலையை நான் மதிக்கிறேன். எனினும் 1975-ஐ நினைத்துப் பார்க்கும்போது, அந்தத் தீர்ப்பு இல்லாத இந்தியாவை என்னால் விரும்ப முடியவில்லை.

அந்தக் கோட்பாட்டின் வீச்சை வரையறுத்த வழக்குகளில் ஒன்று நீலகிரியின் கூடலூரிலிருந்து போனது. ஜன்மம் என்ற பழைய பரம்பரை நிலவுடைமை முறையை ஒழிக்கும் 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு பகுதியை நீதிமன்றம் ரத்து செய்ததும், அந்தச் சட்டம் நீதிமன்றத்தின் கைக்கு எட்டாததாகக் கருதப்பட்ட ஒன்பதாவது அட்டவணையில் வைக்கப்பட்டது. 2007-இல் ஐ.ஆர். கோயெல்ஹோ வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு அந்த அட்டவணையில் சேர்ந்த எந்தச் சட்டமும் அடிப்படைக் கட்டமைப்புச் சோதனைக்கு உட்பட்டதே என்றார்கள். இதன் நேரடி விளைவு நமக்கு இருக்கிறது. 1992-இல் இந்திரா சாஹ்னி வழக்கு இடஒதுக்கீட்டுக்கு 50 விழுக்காடு வரம்பு வைத்தபின், தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டைக் காக்க இயற்றப்பட்ட சட்டமும் 1994-இல் 76-ஆவது திருத்தத்தின் மூலம் அதே அட்டவணைக்குள்தான் வைக்கப்பட்டது.

கூட்டாட்சி குறித்தும் இதே கதைதான். 1976-லும் 1991-லும் தமிழ்நாட்டில் ஆட்சி கலைக்கப்பட்டபோது, குடியரசுத் தலைவர் ஆட்சிக்கு வழிவிடும் பிரிவு 356 எப்படிப் பயன்பட்டது என்பதை நேரில் கண்டவர்கள் இன்றும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். கர்நாடக முன்னாள் முதல்வர் எஸ்.ஆர். பொம்மை தொடுத்த வழக்கின் 1994 தீர்ப்புக்குப் பிறகு அவ்வளவு எளிதாக ஓர் ஆட்சியைக் கலைக்க முடிவதில்லை. மோதல், மசோதாக்களுக்கு ஆளுநர் ஒப்புதல் தருவது பற்றிய பிரிவு 200-க்கு இடம் மாறியது. ஆளுநர் நிறுத்திவைத்த 10 மசோதாக்கள் ஒப்புதல் பெற்றவையாகவே கருதப்படும் என்று 2025 ஏப்ரல் 8 அன்று இரு நீதிபதிகள் அமர்வு, முழு நீதி வழங்கத் தேவையான ஆணையைப் பிறப்பிக்க உச்ச நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரும் பிரிவு 142-ஐப் பயன்படுத்தித் தீர்ப்பளித்து, ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் காலவரம்பும் வைத்தது. குடியரசுத் தலைவர் 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பினார். ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அதே ஆண்டு நவம்பரில், நீதிமன்றம் காலவரம்பு விதிக்க முடியாது, கருதப்படும் ஒப்புதல் என்பதும் அரசமைப்பில் இல்லை என்று கருத்துரைத்தது. அதே சமயம், விளக்கம் ஏதுமின்றி நெடுங்காலம் முடிவெடுக்காமல் இருந்தால், முடிவெடுக்கும்படி வரம்புக்குட்பட்ட ஆணை பிறப்பிக்கலாம் என்றும் சொன்னது. மக்கள் தேர்ந்தெடுத்த அவை இருமுறை நிறைவேற்றிய மசோதாவுக்கு ஒரு காலக்கெடு இருப்பதே முறை என்று நான் கருதுகிறேன். நெடுங்காலம் என்பது எத்தனை மாதம் என்று நவம்பர் கருத்துரை சொல்லவில்லை. ஏதோ ஒரு மாநிலத்தின் ஏதோ ஒரு மசோதாவை முன்வைத்து, இனி வரப்போகும் ஒரு வழக்கில்தான் அது முடிவாக வேண்டும்.