காலெர்ப்பாவுக்கு என்ன பெயர்?

சிங்கப்பூரில் பச்சைக் கடற்பாசி சேகரிப்பது பெரிய வேலை இல்லை. தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வாங்க வேண்டும், நீர் நன்றாக வற்றும் நேரம் பார்த்துப் போக வேண்டும். ஆண்டின் நடுவில் அது விடியலுக்கு முன்பே வரும். தூக்கம் கெடும், அவ்வளவுதான். கொண்டுவந்தது எந்த இனம் என்று சொல்வதில்தான் உயிர் போகிறது.

என் ஆய்வுக்கு வாய்த்தது காலெர்ப்பா என்ற பச்சைக் கடற்பாசிப் பேரினம். முழுச் செடியும் ஒரே செல். குறுக்குச் சுவர் கிடையாது, உட்கருக்களோ எண்ணற்றவை. அதனால் நுண்ணோக்கியில் செல்களின் வடிவத்தை ஒப்பிட்டு இனம் பிரிக்கும் வழி அடைபட்டுவிடுகிறது. மிஞ்சுவது வெளித்தோற்றம். வெளிச்சமும் அலையும் மாறினால் அதுவும் மாறும். ஒரே தண்டில் ஒரு பக்கம் திராட்சைக் கொத்துபோல உருண்டைகள், இன்னொரு பக்கம் தட்டையான வட்டங்கள். பழைய விவரணைகளை மட்டும் நம்பினால் அது இரண்டு இனம்!

சரி, டி.என்.ஏ. பார்க்கலாம் என்றால், பாசியின் வழவழப்பான சர்க்கரைப் பொருள்கள் டி.என்.ஏ.வைப் பல படிகளாகப் பெருக்கும் பிசிஆர் முறையைத் தடுத்தன. கரைசலை நீர்க்கச் செய்ததும் வேலை நடந்தது. மேலே ஒட்டி வளரும் குட்டிப் பாசிகளையும் முன்பே சுரண்டியெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவற்றின் டி.என்.ஏ. வரிசைதான் வந்து நிற்கும். இனத்தை அடையாளம் காண விலங்குகளில் வழக்கமாகப் பார்க்கும் ‘பார்கோடு’ மரபணு இங்கே உதவாது. பசுங்கணிகத்திலுள்ள டஃப்ஏ மரபணுதான் கைகொடுத்தது.

கிடைத்த வரிசை தரவுத்தளத்தில் எதோடும் பொருந்தவில்லை. நண்பர்கள் அப்போதே பெயர் யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் ஏற்கெனவே பெயருள்ள பல இனங்களுக்கு வரிசையே பதிவாகவில்லை. பதிவானவற்றிலும் தவறான பெயரோடு கிடப்பவை உண்டு. ஒரு பெயர் எந்தச் செடிக்கு உரியது என்பதை மூல மாதிரிதான், அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமாக வைக்கப்பட்ட மாதிரிதான், முடிவு செய்யும். எடுத்துக்காட்டாக, காலெர்ப்பா ராசிமோசா என்ற இனப்பெயரின் வேர் 1775இல் அச்சான, இயற்கையியலாளர் ஃபோர்ஸ்காலின் விவரணையில் இருக்கிறது, அவர் பார்த்த செடி சூயஸிலிருந்து வந்தது. நம்மூர்ச் செடியை அதே பெயரில் அழைக்கலாமா என்று பார்க்க, சூயஸ் பக்கத்துப் பாசியின் வரிசை வேண்டும்.

புதுப் பெயர்தான் என்று முடிவானாலும், மூல மாதிரியைக் காப்பகத்தில் வைத்து, லத்தீனிலோ ஆங்கிலத்திலோ விவரணை எழுதி, படமும் சேர்க்க வேண்டும். பெயரிடும் விதியில் தமிழுக்கு இடமில்லை, எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

இப்போதைக்கு என் மாதிரிகள் ‘காலெர்ப்பா, இனம் முடிவாகவில்லை’ என்ற சீட்டோடு காய்ந்துகொண்டிருக்கின்றன. அடுத்து பசுங்கணிகத்தின் இன்னொரு மரபணுவான ஆர்பிசிஎல்லை ஓட்டிப் பார்க்கப் போகிறேன்.