மாற்றிக் கொடுத்த டிஸ்க்கில் யாரோ வீட்டுத் திண்ணை

அம்பாசமுத்திரம் வீட்டில் அம்மாவும் அப்பாவும்தான். நெட்வொர்க்கில் ஓடும் நாலு ஐபி கேமரா, அவற்றின் படத்தை டிஸ்க்கில் பதிவு செய்யும் ஒரு என்விஆர் பெட்டி. டிஸ்க் மக்கர் பண்ணியதால், வாங்கின கடைக்கே எடுத்துப்போனேன். வாரண்டியில் வேறு டிஸ்க் தந்தார்கள். மாட்டி பிளேபேக்கைத் தட்டினால், யாரோ வீட்டுத் திண்ணை! ஒரு அக்கா கோலம் போடுகிறார். ஒரு பெரியவர் வாசலைப் பூட்டிச் சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிறார்.

கடைக்குப் போன் போட்டேன். “ஃபார்மட் அடிச்சிட்டு ஓட்டுங்க அண்ணாச்சி, இதயெல்லாம் யாரு பாக்கப் போறா?” அப்படியென்றால் எங்கள் டிஸ்க்? “கம்பெனிக்கு அனுப்பியாச்சி.” அவ்வளவுதான் பதில்.

எங்கள் வீட்டுப் படமும் இப்படி யார் கையிலோ போகக் கூடாதே! என்விஆர் மெனுவில் ‘என்க்ரிப்ஷன்’ (பிறர் படிக்க முடியாதபடி மறைப்பது) என்று இருந்ததை நம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை வீண். அது போனுக்கு வரும் வழியில் படத்தை மறைக்கிறது, டிஸ்க்கில் கிடப்பதை இல்லை. என்விஆரை மூட்டை கட்டிவிட்டு, பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸும், கேமராப் படத்தைப் பதிவு செய்யும் ஃப்ரிகேட் என்ற மென்பொருளும் போட்டு, 2 டிபி டிஸ்க்கை லக்ஸ் முறையில் (டிஸ்க் முழுவதையும் என்க்ரிப்ட் செய்யும் லினக்ஸ் வசதி) பூட்டினேன். பழைய பிராசஸர் இழுக்குமா என்று பயந்தேன். நாலு கேமராவும் சேர்ந்து வினாடிக்கு 1 எம்பிதான் எழுதுகின்றன, திணறவே இல்லை. பூட்டைத் திறக்கும் சாவிக் கோப்பை அதே கம்ப்யூட்டரில் வைத்தால் கரண்ட் வந்ததும் தானாகத் திறந்துகொள்ளும். ஆனால் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போகிறவனுக்கும் திறக்குமே! அதனால் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல்லை நானே அடிப்பதாக வைத்தேன்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒரு நாள் காலை 9 மணிக்குப் போன கரண்ட் 2 மணிக்கு வந்தது. எனக்குத் தெரியாது. மறுநாள் சாயங்காலம் அம்மா போன்: “எய்யா, கேமரா ஒண்ணும் தெரியலியே.”

பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பார்த்தால், கம்ப்யூட்டர் தானாக எழுந்திருக்கிறது, டிஸ்க் மட்டும் பூட்டியே இருக்கிறது. ஃப்ரிகேட்டுக்கு அதெல்லாம் தெரியுமா? டிஸ்க் வந்து உட்கார வேண்டிய வெறும் ஃபோல்டரிலேயே பதிவு செய்துகொண்டே போயிருக்கிறது. அந்த ஃபோல்டர் இருப்பது பூட்டாத 120 ஜிபி எஸ்எஸ்டியில்! ஒரு நாளைக்கு 86 ஜிபி வீதம் அது நிரம்பி, எல்லாம் நின்றுபோயிற்று. இவ்வளவு பாடுபட்டும் ஒரு நாளுக்கு மேலான படம் பச்சையாகக் கிடக்கிறது. டெலீட் செய்தால் மட்டும் போய்விடாது என்பதால் எஸ்எஸ்டியை முழுக்கத் துடைத்து, லினக்ஸை மறுபடி முதலிலிருந்து போட்டேன். ராத்திரி ஒரு மணி ஆயிற்று.

இதைச் செய்யப்போகிறவர்கள், டிஸ்க் மாட்டாத நிலையில் அந்த வெறும் ஃபோல்டரை ரூட்டுக்கும் (லினக்ஸில் எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு) எழுத முடியாதபடி ‘இம்யூட்டபிள்’ (மாற்ற முடியாதது) ஆக்கிவிடுங்கள். டிஸ்க் மாட்டினால்தான் ஃப்ரிகேட் கிளம்ப வேண்டும் என்றும் வையுங்கள். டிஸ்க்கின் தொடக்கத்தில் பூட்டின் விவரங்கள் இருக்கும் லக்ஸ் ஹெடரை ஒரு பென்டிரைவில் எடுத்து வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அது கெட்டால் சரியான கடவுச்சொல் இருந்தும் டிஸ்க் திறக்காது.

கடவுச்சொல்லை ஊரிலிருந்தபடியே அடிக்கலாம் என்றால், ஃபைபர் இணைப்பில் வெளியிலிருந்து வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் நேராகப் போக முடியவில்லை, டெயில்ஸ்கேல் (தூரத்துக் கம்ப்யூட்டர்களைத் தனி வழியில் இணைக்கும் மென்பொருள்) போட்டதும் சரியானது. போன வாரமும் கரண்ட் போனது. 2 மணி தாண்டி அம்மா கூப்பிட்டாள்: “கரண்டு வந்துட்டுய்யா, உன் பூட்டத் தொற.” ஆபீஸில் டீ ஆறுவதற்குள் திறந்துவிட்டேன்.