சிலந்தியைக் கால் வெட்டிச் சுமக்கும் ஆப்ளோபஸ்

கல்லுக்கு அடியிலோ உரிந்த மரப்பட்டைக்குப் பின்னாலோ ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் குட்டிப் பீப்பாய் போன்ற மண் அறைகள் நாலைந்து ஒட்டிக்கொண்டிருந்தால், அது ஆப்ளோபஸ் குளவியின் வேலையாக இருக்கலாம். ஸ்கெலிஃப்ரான் என்ற இன்னொரு குளவி கட்டும் மண்கூட்டோடு இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அறைக்குள் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். ஸ்கெலிஃப்ரான் தன் புழுவுக்கு உணவாக ஒரே அறையில் பல சிலந்திகளைத் திணிக்கும். ஆப்ளோபஸ் ஒன்றே ஒன்றுதான் வைக்கும், அதுவும் பெரும்பாலும் கால்கள் இல்லாமல்.

கொட்டிச் செயலிழக்கச் செய்ததும் சிலந்தியின் கால்களை அடிமூட்டில் கடித்து எடுத்துவிடும். இதில்தான் இந்தப் பேரினத்தின் சாமர்த்தியமே இருக்கிறது. சிலந்தி வேட்டைக் குளவிகளில் பல, இரையைப் பின்பக்கமாக நடந்தபடி இழுத்துப் போகும். நீண்ட கால்கள் புல்லிலும் சருகிலும் சிக்கும். ஆப்ளோபஸோ கால் போன உடலைத் தன் அடியில் வைத்து, நூல் சுரக்கும் முனையை வாயால் கவ்விக்கொண்டு நேராக முன்னோக்கியே நடக்கும். குறுகிய அறைக்குள்ளும் அது சுலபமாகப் பொருந்தும்.

மண் வேலையும் கவனித்துப் பார்க்க வேண்டியது. பெண் குளவி தண்ணீரைக் குடித்து வந்து மண்ணை நனைத்து உருண்டையாக்கும். வாயின் கீழே உள்ள விறைப்பான மயிர்க்கற்றை உருண்டையைத் தாங்கும். வயிற்று நுனியிலுள்ள வழவழப்பான தகடு கொத்தனாரின் கரண்டி போல அதைப் பூசும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அறையின் வெளிப்புறத்தில் ஒவ்வொரு உருண்டையும் தனித்தனிச் செதிலாகத் தெரியும். மழை பட்டால் இந்த மண் கரைந்துவிடும். அதனால்தான் எப்போதும் மறைவிடம் தேடுகிறது.

அறையை எடுத்து வளர்க்க நினைப்பவர்கள் ஒட்டியிருக்கும் பட்டையோடு சேர்த்தே எடுங்கள். மண்ணை மட்டும் பெயர்த்தால் பின்பக்கம் திறந்து புழு வெளியே விழும். கண்ணாடிக் குழாயில் போட்டுப் பஞ்சால் அடைத்தால் போதும். அறைமேல் தண்ணீர் தெளிக்காதீர்கள், பூஞ்சை பிடித்துவிடும். புழு சிலந்தியைத் தின்று முடித்துப் பட்டுக்கூடு பின்னும்வரை அசைக்கவும் வேண்டாம்: சிலந்தியின் வயிற்றில் ஒட்டியிருக்கும் முட்டையோ இளம்புழுவோ உதிர்ந்தால் மறுபடி ஒட்டாது.

குளிர் நாடுகளில் குளிர்காலம் முழுக்கப் புழு கூட்டுக்குள்ளேயே கிடக்கும். சூடான வீட்டுக்குள் வைத்தால் பருவம் தப்பி வெளிவந்துவிடும். வெளி வெப்பநிலையிலேயே விடுங்கள். ஊசிமுனைத் துளைகள் தெரிந்தால் ஒட்டுண்ணிக் குளவிகள் முந்திக்கொண்டன என்று அர்த்தம். அந்த அறையையும் வீசிவிடாமல் தனியாக எடுத்து வையுங்கள். உள்ளே மிஞ்சிய சிலந்தித் தோலை வைத்து, எந்தக் குடும்பத்துச் சிலந்தியை வேட்டையாடியது என்று கண்டுபிடிக்க முடியும்.