டைகருக்குப் பல் கட்டிய கதை

இரண்டு வருடத்துக்கு முன் பொங்கலுக்கு சிங்கப்பூரிலிருந்து வந்த அக்கா மகன், திரும்பிப் போகிற அன்று ஒரு பெரிய அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து என் கடை மேசையில் வைத்தான். "மாமா, தம்பிக்கு வாங்குனது. ஒரு பக்கம் ஓட மாட்டேங்குது. நீங்க மோட்டார்க்காரர்தானே, பாருங்க."

காரைக்குடியில் எனக்கு மோட்டார் ரீவைண்டிங் கடை. போர்வெல் மோட்டார், மிக்ஸி, சீலிங் ஃபேன், கல்யாண சீசனில் கிரைண்டர். எரிந்த காயிலை வெட்டி எடுத்துப் புதுசு சுற்றிக் கொடுப்பது 27 வருடத் தொழில். அந்தப் பெட்டிக்குள் இருந்தது ரிமோட்டில் ஓடும் ஒரு டாங்கி. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன்காரர்கள் ஓட்டிய டைகர், 16-இல் 1 பங்கு அளவில். கழற்றிப் பார்த்தால் மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. இடது பக்க கியர்பாக்ஸில் வெள்ளை நைலான் சக்கரம் ஒன்றில் மூன்று பல் போயிருந்தது. மிக்ஸி கப்ளர் தேய்வது மாதிரிதான். ஒரு சக்கரம் வாங்கிப் போட்டு அனுப்பியிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும்.

தவறு எங்கே நடந்தது என்றால், சக்கரம் தபாலில் வரும்வரை சும்மா இருக்காமல் உண்மையான டைகரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். 57 டன் எடை. 1942-லிருந்து 1944 வரை மொத்தமே 1,347 வண்டிதான் செய்திருக்கிறார்கள். அதில் ஒன்று, 1943-இல் துனிசியாவில் பிரிட்டிஷ்காரர்களிடம் சிக்கியது, இங்கிலாந்தில் போவிங்டன் அருங்காட்சியகத்தில் இன்னும் ஓடுகிற நிலையில் இருக்கிறது. அது ஓடும் காணொளியைக் கடையில் உட்கார்ந்து பத்துத் தடவை பார்த்தேன். கிளம்பும்போது மூக்கு லேசாகத் தூக்குகிறது, நிற்கும்போது முன்னால் சாய்ந்து மெதுவாகப் பின்னுக்கு வருகிறது. நம் வண்டியோ சாவி கொடுத்த எலி மாதிரி விருட்டென்று ஓடி, டக்கென்று நின்றது.

கணக்குப் போட்டேன். நீளம் 16-இல் ஒன்று என்றால் எடை 16-ஐ மூன்று தடவை பெருக்கி வகுக்க வேண்டும், அதாவது 4,096. 57,000 கிலோவை அதால் வகுத்தால் கிட்டத்தட்ட 14 கிலோ. என்னிடம் இருந்தது மூன்றரைக் கிலோகூட இல்லை. வேகமும் அப்படித்தான். உண்மையான டைகர் சாலையில் மணிக்கு 38 கிலோமீட்டர் போகும் என்று வைத்தால், இது 2.4 கிலோமீட்டரில் போக வேண்டும். மூன்று மீட்டர் கடக்க நாலரை விநாடி. கடை வாசலில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பார்த்தேன், மூன்றே விநாடியில் கடந்தது. எடை போதாது, வேகம் அதிகம். அக்கா மகனுக்கு போன் போட்டு, "இது கொஞ்சம் நாள் இங்கேயே இருக்கட்டும்" என்றேன். அவன் சிரித்தான். பையன் அதற்குள் வேறு எதற்கோ மாறிவிட்டானாம்.

முதலில் மாற்றியது செயின். டாங்கியின் டிராக்கை நாங்கள் செயின் என்றுதான் சொல்வோம். பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு இரும்புச் செயின், அதற்கேற்ற பல்சக்கரம், பின்னால் செயினின் தொய்வைச் சரிசெய்யும் சக்கரம், எல்லாம் உலோகத்தில் வாங்கினேன். எடை ஒரேயடியாக ஏறியது, சத்தமும் வந்தது. கிரீச் கிரீச் என்று அது நகர்வதைக் கேட்டு எதிர்க்கடை டெய்லர் எழுந்து வந்துவிட்டார். நாலாவது நாள் நான் போட்ட புதுச் சக்கரத்தோடு சேர்த்து இரண்டு பக்கப் பல்லும் போனது. யோசித்தால் நியாயம்தான். மெலிந்த ஆளுக்கு இரும்புச் செருப்பு மாட்டி ஓடச் சொன்னால் முழங்கால்தான் போகும்.

சரி, கியர்பாக்ஸையும் உலோகத்தில் போடுவோம் என்று ஆன்லைனில் தேடி, விலை குறைவாக இருந்த ஒன்றை வாங்கினேன். விளம்பரத்தில் 'முழு மெட்டல்' என்று இருந்தது. வந்ததைப் பிரித்தால் சட்டம்தான் உலோகம், உள்ளே பாதிச் சக்கரம் அதே வெள்ளை நைலான். திருப்பி அனுப்ப மனு போட்டேன், பதில் வருவதற்குள் அந்த விற்பனையாளரே காணாமல் போனார். இந்தச் சாமான் வாங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஒவ்வொரு சக்கரமும் எதில் செய்தது என்று கேட்டு, மூடி இல்லாத படம் அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இந்த எரிச்சலில்தான் என் தொழில் கர்வம் தலைதூக்கியது. கியர் எதற்கு, மோட்டாரையே மெதுவாக ஓட வைத்தால் போகிறது என்று நினைத்தேன். உள்ளே இருப்பது 380 அளவு மோட்டார் இரண்டு, மூன்று துருவ ஆர்மேச்சர் (காயில் சுற்றியிருக்கும், சுழலும் பாகம்), கார்பன் பிரஷ். நான் சுற்றியதிலேயே சின்னது. பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழைய கம்பியைப் பிரித்துச் சுற்றை எண்ணினேன். அதைவிட மெல்லிய கம்பியில் ஒன்றரை மடங்கு சுற்றி, வார்னிஷ் அடித்து, கடை பூட்டிய பிறகு இரண்டு ராத்திரி உட்கார்ந்து முடித்தேன். வேகம் அழகாகக் குறைந்தது, ஆம்பியரும் குறைந்தது. ஆனால் வாசற்படி விளிம்பில் ஏற்றினால் வண்டி முனகிக்கொண்டு அப்படியே நின்றது.

போர்வெல்லுக்குச் சுற்றுகிறவனுக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். சுற்றைக் கூட்டினால் ஒவ்வொரு ஆம்பியருக்கும் கிடைக்கும் இழுவை கூடும், உண்மை. ஆனால் கம்பி நீண்டு மெலிந்துவிடுவதால் தடை இரண்டு பங்குக்கு மேல் கூடிவிடும், அதே வோல்ட்டில் ஆம்பியரே உள்ளே வராது. முட்டி நிற்கிற இடத்தில் கணக்குப் பார்த்தால் இழுவை முன்னைவிடக் குறைவுதான். வேகத்தைக் கொடுத்துவிட்டு பலத்தை வாங்க வேண்டுமென்றால் அதற்கு வழி பல்சக்கரம்தான், காயில் அல்ல. என் 27 வருடத்துக்கு அந்தப் பொடி மோட்டார் வைத்த குட்டு அது. இப்போதும் அந்த ஆர்மேச்சர் இரண்டும் கல்லாப் பெட்டியில் கிடக்கின்றன.

பிறகு பேசாமல் காசு போட்டு, எஃகுச் சக்கரம் வைத்த, வேகம் குறைந்த வகை கியர்பாக்ஸ் ஒரு ஜோடி வரவழைத்தேன். அச்சு ஆடாமல் இருக்கப் பித்தளை புஷ் தேவைப்பட்டது. லேத் பட்டறையில் அளவு கொடுத்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எதுக்குண்ணே இது? மிக்ஸிக்கா?" என்றார். டாங்கிக்கு என்றேன். "தண்ணி டாங்கிக்கா?" விளக்கிச் சொல்லக் கூச்சமாக இருந்ததால் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது மூன்று மீட்டருக்கு ஐந்து விநாடி. ஆசை தீர ஓட்டலாம் என்று பார்த்தால் வேறு நோய். நேராகப் போகும்போது ஒன்றுமில்லை, நின்ற இடத்திலேயே திருப்பினால் ஸ்பீக்கரில் வரும் இஞ்சின் சத்தம் நின்று, விளக்கு அணைந்து, மறுபடி முதலிலிருந்து ஸ்டார்ட் ஆகும். எல்லாவற்றையும் இயக்கும் எலக்ட்ரானிக் போர்டு போய்விட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் புதுப் போர்டு விலை விசாரித்துவிட்டேன். நல்லவேளை, அதற்கு முன் மீட்டரை மாட்டினேன். டாங்கி திரும்புவது என்றால் ஒரு செயின் முன்னால், ஒரு செயின் பின்னால், முழு நீளமும் தரையில் பக்கவாட்டில் தேய வேண்டும். அதுதான் அதற்கு இருப்பதிலேயே கஷ்டமான வேலை. அந்த நேரம் 7 ஆம்பியர் இழுத்தது, கூட வந்த 7.2 வோல்ட் நிக்கல் பேட்டரி 5 வோல்ட்டுக்குக் கீழே தொங்கியது. போர்டு மயங்காமல் என்ன செய்யும்? பேட்டரியைப் பார்க்காமல் போர்டைக் குறை சொல்கிற வேலையை வாடிக்கையாளர் செய்தால் நான் கிண்டல் செய்வேன்.

1953-லிருந்து சிக்ரி இருக்கிற ஊர் இது. மின்வேதியியலுக்கென்றே ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையம், லித்தியம் பேட்டரி வரைக்கும் அங்கே ஆராய்ச்சி. அதன் வாசலைத் தாண்டித்தான் தினமும் கடைக்கு வருகிறேன். வாசலைத் தாண்டினால் அறிவு ஒட்டிக்கொள்ளாது என்பதற்கு நான் சாட்சி. லித்தியம் செல் இரண்டைத் தொடராக இணைத்து, பாதுகாப்புச் சர்க்யூட் போட்டு 7.4 வோல்ட் பேட்டரி கட்டினேன். முழுச் சார்ஜில் 8.4, ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. மோட்டார் முனைகளில் 104 நம்பர் செராமிக் கண்டென்சர் வைத்துப் பற்றவைத்ததும் ஸ்பீக்கரில் வந்த கரகரப்பும் நின்றது. ஸ்பீக்கரையே பிறகு மாற்றிவிட்டேன். முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடையில் உடைந்த டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்றிலிருந்து எடுத்தது, சின்னப் பிளாஸ்டிக் டப்பாவை வெட்டி அதற்குக் கூடு. முன்பு கொசு மாதிரிக் கத்திய இஞ்சின் இப்போது கொஞ்சம் தொண்டையில் பேசுகிறது.

எல்லாம் சரியான தைரியத்தில் கானாடுகாத்தானுக்கு ஒரு பம்ப் வேலைக்குப் போகும்போது வண்டியையும் எடுத்துப் போனேன். பெரிய வீடு, முற்றத்தைச் சுற்றிய வளவு நீளம் என் கடை மாதிரி ஆறு கடை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, கண்ணாடி மாதிரி. வேலை முடிந்ததும் ஆச்சியிடம் கேட்டேன், சரி என்றார்கள். இறக்கி விட்டேன். அந்த வழவழப்பில் இரும்புச் செயின் வழுக்கி, வண்டி அவ்வளவு லேசாகத் திரும்பியது. மீட்டர் 3 ஆம்பியர்கூடக் காட்டவில்லை. நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆச்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, தூக்குங்க அத. எங்க அப்பச்சி காலத்துக் கல்லு. கீறல் விழுந்தா அதே நெறத்துல இனி யாரு ஊத்திக் குடுப்பா?"

குனிந்து பார்த்தேன். மெல்லிய கோடுதான், ஆனால் கோடு. நம் ராணுவத்தின் அர்ஜுன் மாதிரி இந்தக் காலத்து டாங்கிகளில் செயினில் ரப்பர் பட்டை உண்டு, தார்ச்சாலை கெடாமல் ஓடும். டைகருக்கு வெறும் இரும்பு. ஆச்சி சொன்னதில் தப்பே இல்லை. பம்ப் வேலைக்கு அன்று கூலி வாங்கவில்லை. வாங்கச் சொல்லி அவர்களும் வற்புறுத்தவில்லை.

ஆகவே மண்தான். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஊரணிக் கரை, நல்ல செம்மண், மழை பெய்த மறுநாள் பிசைந்த மாவு மாதிரி இருக்கும். ஓட்டிய முதல் நாளே டைகரின் சரித்திரம் எனக்குப் புரிந்தது. இந்த வண்டியின் சக்கரங்கள் வரிசையாக இல்லாமல் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, பின்னல் போட்ட மாதிரி இருக்கும். முதலில் வந்த டைகரில் ஒரு பக்கத்துக்கு மட்டும் 24 சக்கரம். எடை பரவும், ஓட்டம் மெத்தென்று இருக்கும். ஆனால் இடுக்கில் சேறு புகுந்தால் போச்சு. ரஷ்யக் குளிரில் ராத்திரி அந்தச் சேறு உறைந்து, காலையில் வண்டி நகராமல் நின்றிருக்கிறது. இங்கே உறைவதற்குப் பனி இல்லை, வெயில் போதும். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தேன், செம்மண் காய்ந்து செங்கல்லாகி நான்கு சக்கரம் சுற்றவில்லை. உள் சக்கரத்தைச் சுத்தம் செய்ய வெளிச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும், அதைக் கழற்ற அதற்குப் பக்கத்தில் உள்ளதை. திட்டாமல் இந்த வேலையைச் செய்கிறவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஒரே லாபம், பெயிண்ட் அடிக்கும் வேலை பாதி மிச்சம். மஞ்சள் அடித்த உடம்பில் ஊரணி மண்ணைச் சலித்துத் தண்ணீரில் கரைத்துப் பூசித் துடைத்தேன், எந்தக் கடைப் பொடியும் அந்த நிறம் தராது. உடம்பு முழுக்க வரிவரியாக இருக்கும் பூச்சையும் செய்தேன். காந்தக் கண்ணிவெடி ஒட்டாமல் இருக்க ஜெர்மன்காரர்கள் 1943 கடைசியிலிருந்து ஒரு வருடம் போல பூசிய சிம்மெரிட் என்ற கலவை அது. மரத்தூள்கூட உண்டு அதில். நான் எம்-சீல் பிசைந்து மெல்லிசாகத் தேய்த்து, உடைந்த ஹாக்ஸா பிளேடால் வரி இழுத்தேன். ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்தது. பக்கத்து வீட்டுக்குப் பூச்சு வேலைக்கு வந்த கொத்தனார் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "பிளேட தண்ணில நனைச்சு நனைச்சு இழுங்க, கரணை மாதிரி" என்றார். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துச் சுண்ணாம்புச் சுவரைப் பளிங்காக இழைத்தவர்களின் ஊர். நனைத்து இழுத்ததும் ஒரே சீராக வந்தது. வரி போட்ட டைகருக்குப் பின்னால் தூசி வடிகட்டிப் பெட்டிகள் இருக்கக் கூடாது, அவை அதற்கு முந்தைய காலத்தவை என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். தெரியும், ஆனாலும் நான் கழற்றவில்லை. சித்திரை மாதத் தூசியில் எங்கள் தெருவில் வந்து நின்று பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

எடைக்கு டயர் கடையில் பேலன்ஸ் போட்டுக் கழித்த ஈயத் துண்டுகள். 14 கிலோ ஆசையில் 9 வரை ஏற்றினேன், ஸ்பிரிங் எல்லாம் உட்கார்ந்து வயிறு தரை தட்டியது. இறக்கி இறக்கி 6 கிலோ 400-இல் நிறுத்தினேன். பிரேக் போட்டால் மூக்குக் குனிகிறது, காணொளியில் பார்த்த அளவு இல்லாவிட்டாலும்.

போன வாரம் ஊரணிக் கரை ஏற்றத்தில் பாதி ஏறியதும் ஒரு சத்தம். செயின் சரி, பல் சரி, மோட்டார் சரி. கியர்பாக்ஸைத் தாங்கும் அடித்தட்டு, அது இன்னும் பிளாஸ்டிக்தானே, ஸ்குரூ ஓட்டையிலிருந்து இரண்டு விரல் நீளத்துக்குக் கீறிக்கொண்டது. மூன்று மில்லிமீட்டர் அலுமினியத் தகடு ஒன்று பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. ஓட்டை போட லேத் பட்டறையில் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றார். எந்த வெள்ளிக்கிழமை என்று நான் கேட்கவில்லை. "தண்ணி டாங்கி இன்னும் முடியலையாண்ணே?" என்று மட்டும் அவர் கேட்டார்.