அந்துவான் கட்டிய ஒட்டு

ஹூஸ்டனிலிருந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டிப் போனது, உண்மையைச் சொன்னால், போட்டோ எடுக்கத்தான். லூசியானாவில், மிசிசிப்பி ஆற்றங்கரையில், வாசெரி என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது ஓக் ஆலி என்ற பழைய தோட்ட மாளிகை. ஆற்றுப் பக்கத்திலிருந்து வீட்டு வாசல் வரை இரண்டு வரிசையில் 28 ஓக் மரங்கள். வீட்டைச் சுற்றியும் 28 தூண்கள். மரங்கள் வீட்டைவிட வயதில் மூத்தவை.

ஷாக் ரோமன் என்ற கரும்புத் தோட்ட முதலாளிக்காக 1837-39இல் கட்டிய வீடு இது. தூண்கள் கல் போலத் தெரிகின்றன. பக்கத்தில் போய்ப் பார்த்தால் எல்லாம் செங்கல், மேலே பூச்சு. செங்கலை அங்கேயே அறுத்துச் சுட்டவர்கள் அடிமைகள். சுவர் 16 அங்குல கனம். கீழேயும் மாடியிலும் நாலு பக்கமும் அகலமான தாழ்வாரம் ஓடுவதால் சுவரில் வெயிலே படாது. நடுக்கூடத்தின் முன்கதவையும் பின்கதவையும் திறந்துவிட்டால் ஆற்றுக் காற்று நேராக உள்ளே வரும். ஆகஸ்ட் மாதம், சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. அருமையான யோசனைதான், ஒரு குடும்பத்துக்கு மட்டும்.

அப்புறம் பின்பக்கம் போனேன். அடிமைகளின் குடிசைகளைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே இருந்த ஒரு பலகையில்தான் அந்துவான் என்ற தோட்டக்காரரைப் பற்றித் தெரிந்தது. 1846 குளிர்காலத்தில் நல்ல ரகப் பீக்கன் (தின்கிற கொட்டை காய்க்கும் மரம்) மரத்தின் குச்சிகளை வாங்கி இங்கே 16 மரங்களில் ஒட்டுக்கட்டியிருக்கிறார். அது பிடித்து, பின்னால் 126 மரமாயிற்று. அதன் கொட்டைகள் 1876 ஃபிலடெல்ஃபியா நூற்றாண்டுக் கண்காட்சிக்குப் போய், ரகத்துக்கு 'சென்டெனியல்' (நூற்றாண்டு) என்று பெயர் வந்தது. கட்டியவரின் பெயர்? 1848இல் ரோமன் இறந்தபோது எழுதிய சொத்துப் பட்டியலில் இருக்கிறது: வயது 38, விலை 1,000 டாலர்.

எங்கள் அப்பா கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கன்றுக்கு ஒட்டுக்கட்டியவர். சீவிய வெட்டு துளி பிசகினாலும் குச்சி கருகிவிடும், பத்தில் நாலு பிடித்தாலே அன்றைக்கு அவர் முகமே வேறு மாதிரி இருக்கும். அதனால் அந்தப் பலகை முன்னால் நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். பையன் வந்து கையை இழுத்தான்.

அந்த மரங்களைப் பிற்பாடு கரும்பு போடுவதற்காக வெட்டிவிட்டார்களாம்.

ராத்திரி அப்பாவுக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"எந்த மாசம் கட்டினாரு?"

"குளிர்காலத்துலப்பா."

"அப்ப இலை உதிர்ந்திருக்கும். சரியாத்தான் கட்டியிருக்காரு."