தம்பியின் ரை பியரும் எங்கள் மில் உமியும்

ஞாயிறு காலை ஆறரைக்கு டொரொண்டோவிலிருந்து தம்பி வீடியோ கோல் எடுத்தான். அங்கே சனி இரவு ஒன்பது. வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவன், இம்முறை பார்லியோடு ரை என்ற தானியமும் சேர்த்து பேல் ஏல் என்ற வகைப் பியர். முகம் வாடியிருந்தது. சாற்றில் எவ்வளவு சீனி இறங்கியிருக்கிறதென்று அடர்த்தியால் காட்டும் ஹைட்ரோமீட்டர் 1.054 காட்ட வேண்டியது, 1.042இல் நின்றுவிட்டதாம். தானியத்திலுள்ள சீனியில் 75 வீதம் இறங்குமென்று கணக்குப் போட்டிருந்தான், வந்தது 58.

அரைத்த தானியத்தை வெந்நீரில் ஊறவைத்த சூடு 66 பாகை, சரி. அந்தக் கலவையின் புளிப்பு அளவான பீஎச் 5.4, அதுவும் சரி.

"அரைத்ததில் மிச்சம் இருந்தால் காட்டு" என்றேன். ஒரு பிடி அள்ளிக் கமராவுக்குக் கிட்டப் பிடித்தான். பார்லி வெள்ளை மாவாய் உடைந்திருக்கிறது, நடுவே சாம்பல் பச்சை ரை மணிகள் பாதிக்கு மேல் முழுசாகவே கிடக்கின்றன! ரை பார்லியைவிட ஒல்லி. பார்லிக்கு வைத்த ரோலர் இடைவெளிக்குள்ளால் உடையாமல் அப்படியே நழுவிவிடும், உடையாத மணியிலிருந்து சீனி இறங்காது. இங்கே திருகோணமலையில் எங்கள் அரிசி மில்லில், நாட்டரிசிக்கு வைத்த ரோலரில் அப்பா சின்ன மணியான கீரிச் சம்பாவை விடவே மாட்டார்.

ரையைத் தனியாக, இடைவெளியைக் குறைத்து அரைக்கச் சொன்னேன். ஆனால் ரைக்குப் பசை அதிகம், உமியும் கிடையாது. நன்றாக அரைத்தால் கஞ்சிபோல இறுகிச் சாறு வடியாது. முதலில் 45 பாகையில் இருபது நிமிடம் வைத்தால் பசை கொஞ்சம் உடையும். அப்புறம் சாறு வடிய வழிவிட நெல் உமி கலக்க வேண்டும். அங்கே உமியைப் பைக்கற்றில் காசுக்கு வாங்குகிறானாம். எங்கள் மில்லுக்குப் பின்னால் அது மலையாய்க் கிடக்கிறது. ஒரு சாக்கு அனுப்ப முடிந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்.

வருகிற சனி திரும்பவும் காய்ச்சுகிறான். ஞாயிறு விடிய நான் போனோடுதான் இருப்பேன்.